உண்மை அளவில்

நூல்பிடிக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. நான் அந்த வீட்டு மனிதன்கூட இல்லை, மாடியறையில் வாடகைக்கு இருக்கிற பிழைதிருத்தி. எனக்கே தெரிந்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நூல்பிடி என்பது அவருக்கு அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர். பக்கம் கட்டுவது தொழில். எழுத்து, படம், தலைப்பு எல்லாவற்றையும் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கி அச்சகத்துக்கு அனுப்புவார். ஒரு படம் பக்கத்துப் படத்தைவிட மயிரிழை இறங்கியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால், எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வருவார். ஒருமுறை என் சட்டைக் காலரைக்கூட இழுத்து நேராக்கியிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது உண்மை.

ஒரு மாதமாக அந்தக் காலண்டர் சாய்ந்தே தொங்குகிறது. திரையில் பக்கத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, மூக்கு முட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். டீ டம்ளரை எடுக்கப் போகிற கை முதலில் மேசையைத் தடவும். கேட்டால் வெளிச்சம் சரியில்லை என்பார். முன்னறை விளக்கை மூன்று தடவை மாற்றியாகிவிட்டது.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும் வீதியில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், எனக்கும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், எங்கிருந்தோ ஒரு தடித்த புத்தகத்தை வாங்கிவந்து, சமையல் மேசையில் வைத்து ஸ்கிரிப்ட் எழுதப் பழகினார். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய விஷயமில்லை. நாம் கையால் முன்னூறு தடவை செய்கிற வேலையைக் கணினியே செய்யும்படி வரிவரியாக எழுதிவைக்கிற உத்தரவு. டீச்சரின் ஸ்கிரிப்ட் கோப்பைத் திறந்து ஒவ்வொரு படமாகப் போய்ப் பார்க்கும். படம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா, அச்சில் மங்காத அளவுக்குப் புள்ளிகள் இருக்கின்றனவா, நிறம் அச்சுக்கு ஏற்ற நிறம்தானா என்று பார்த்துவிட்டு, படத்தைக் கட்டத்தின் நட்டநடுவில் வைத்து, கட்டங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தும். கோளாறு இருந்தால் பக்க எண்ணோடு பட்டியல் போடும்.

எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டதற்கு, நேரம் மிச்சமாகும் என்றார். நூல்பிடியும், ஆமாம், நேரம் மிச்சம்தான் என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அடுத்தவர் வீட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்கிற ஆள் இல்லை நான். அந்த வீட்டில் மட்டும் கொஞ்சம் நுழைப்பேன்.

அப்போது வந்ததுதான் ஆஸ்பத்திரிக் கையேடு. வார்டு நர்சுகள் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற சின்னப் புத்தகம். நோயாளிகள் வீட்டிலிருந்து மாத்திரைகளை டப்பாவிலும் காகிதப் பொட்டலத்திலும் கொட்டிக்கொண்டு வருவார்கள். உறை இருக்காது, பெயர் இருக்காது. நர்ஸ் அந்த மாத்திரையை எடுத்துப் புத்தகத்தில் இருக்கிற படத்தின்மேல் வைத்துப் பார்த்து, இது இன்னது, இத்தனை மில்லிகிராம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்னூற்றுப் பன்னிரண்டு மாத்திரை, முன்னூற்றுப் பன்னிரண்டு படம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கோப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தலைமை நர்ஸ் அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் திரையில் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே ஒரு புழுக்கம். மழை வருகிற மாதிரி வானம் இறங்கி நின்றது, ஆனால் வரவில்லை. மின்விசிறி சுற்றியும் காற்றில்லை. நான் சரிபார்த்து முடித்த புரூஃப் தாள்களோடு பத்து மணிக்குக் கீழே இறங்கினேன். நூல்பிடி உட்காரவில்லை. கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். நாற்காலியை இழுப்பார், உட்கார்வார், எழுந்துவிடுவார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு டிக் டிக். எனக்கே கை பரபரத்தது.

டீச்சர் ஸ்கிரிப்ட்டை ஓட்டினார். திரையில் பக்கங்கள் தாமாகப் புரண்டன. இரண்டு நிமிஷத்தில் நின்றது. கோளாறு பூஜ்யம்.

"ஒண்ணுகூட இல்லையா?" என்றார் நூல்பிடி.

"ஒண்ணுகூட இல்ல."

"முன்னூத்திப் பன்னெண்டு படத்துலயும்?"

"இருந்தா சொல்லியிருக்குமே."

அவர் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம். மூன்றாவது தடவை ஓட்டச் சொன்னபோது டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு, சந்தேகம் இருந்தால் நீங்களே பக்கம் பக்கமாகப் பாருங்கள் என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும், நாக்கைக் கடித்துக்கொண்டார். நூல்பிடி, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பக்கங்கள் அழகாக இருந்தன, அதை மறுக்க முடியாது. பக்கத்துக்கு நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு மாத்திரை, நான்கும் ஒரே பருமனில் கட்டத்தை நிறைத்துக்கொண்டு நூல் பிடித்தாற்போல நின்றன. அது நூல்பிடியின் யோசனை. ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருந்தால் பக்கம் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும், எல்லாவற்றையும் கட்டத்துக்கு நிறைத்துவிடு என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் டீச்சரிடம் சொன்னார். டீச்சரும் ஸ்கிரிப்ட்டில் இரண்டு வரி சேர்த்தார். அப்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன், தலையைத் தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு மணிக்குப் பெரியக்கா முன்னறைக்கு வந்தார். நூல்பிடிக்கு மூத்தவர். இதயத்தில் கோளாறு என்று இரண்டு வாரம் தங்க வந்தவர், இரண்டு வருஷமாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு மாத்திரை அடுக்குகிற நாள். ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டியையும் மாத்திரை டப்பாக்களையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் மேசையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாயில் ரொட்டி, ஒரு வாயில் அவித்த முட்டை, நடுநடுவே எங்களுக்குப் புத்திமதி.

"காலைலேருந்து நடக்கிறியே, எந்த ஊருக்குடா போற? உட்காரு. எனக்குப் படபடன்னு வருது."

"உனக்கு எதைப் பார்த்தாலும் படபடன்னுதான் வரும்."

"அதுக்குத்தான் மாத்திரை. ஏம்மா, என் மாத்திரையும் இந்தப் புத்தகத்துல இருக்குன்னியே, எங்க காட்டு, பார்ப்போம். எனக்குத்தான் யாரும் போட்டோ எடுக்கல, மாத்திரைக்காவது எடுத்திருக்காங்களே."

டீச்சர் புரூஃப் தாள்களில் தேடி நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை வட்ட மாத்திரை. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் அதே மருந்து, இரண்டு மடங்கு வீரியம். அதுவும் வெள்ளை, அதுவும் வட்டம். பெரியக்கா டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். படம் மாத்திரையைச் சுற்றி அகலமாகத் தெரிந்தது.

"இது என்னுது இல்ல."

"உங்களுதுதான் அண்ணி. பேரைப் பாருங்க."

"பேர் சரிதாம்மா. என்னுது இவ்வளவு பெருசு கிடையாது." மாத்திரையை நகர்த்தி அடுத்த கட்டத்தில் வைத்தார். "இதுவும் அதே அளவுதான் இருக்கு. ரெண்டும் ஒண்ணாவே இருக்கே. அப்ப நர்ஸ் எதை வச்சுக் கண்டுபிடிக்கும்?"

நூல்பிடி நடப்பதை நிறுத்தாமலே, படம் என்றால் அப்படித்தான் இருக்கும் அக்கா, பார்வைக்கு ஒரே சீராக இருக்கவேண்டாமா என்றார். பெரியக்கா விடவில்லை. அவர் விடுகிற ஆளும் இல்லை.

"போன தடவை கடைக்காரன் பெருசைக் குடுத்துட்டான். சின்னது இல்லையேன்னு நான் பார்த்ததாலதான் இன்னிக்கு உட்கார்ந்து முட்டை தின்னுட்டிருக்கேன். இந்தப் படத்தைப் பார்த்திருந்தா அதையே முழுங்கியிருப்பேன்."

 அந்தத் தாளை என் பக்கம் இழுத்தேன். படங்களைப் பார்க்கவில்லை, அடியில் இருந்த வரியைப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் அச்சாகிற வரி அது. படங்கள் உண்மை அளவில் தரப்பட்டுள்ளன. வந்தபோது உண்மையளவில் என்று சேர்த்து இருந்தது. நான்தான் பிரித்தேன். எழுபத்தெட்டுப் பக்கத்திலும் சிவப்பு மையால் கோடு போட்டு, இடம் விடவும் என்று எழுதினேன். எழுபத்தெட்டு தடவை அந்த வார்த்தையைப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

நான் வரியைச் சத்தமாகப் படித்தேன். டிக் டிக் நின்றது.

டீச்சர் கணினியில் அந்தப் படத்தைத் தட்டிப் பார்த்தார். ஆறு மில்லிமீட்டர் மாத்திரையை ஸ்கிரிப்ட் மூன்று மடங்குக்கு மேல் பெருக்கியிருந்தது. மாத்திரைகளைப் படம் பிடித்த போட்டோக்காரர் அத்தனை நுணுக்கமாக எடுத்திருந்ததால் அவ்வளவு பெருக்கியும் புள்ளி குறையவில்லை. அதனால்தான் கோளாறு பூஜ்யம். படம் இருந்தது, தெளிவாக இருந்தது, நிறம் சரி, நடுவில் நின்றது. மாத்திரையின் அளவைப் பார் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை.

"போட்டோக்காரர் படம் குடுத்தப்போ ஏதாவது சொன்னாரா?" என்றார் டீச்சர்.

நூல்பிடி பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"எழுதி ஏதாவது குடுத்தாரா?"

அவர் மேசை அருகே வந்து இழுப்பறையைத் திறந்தார். கத்தரிக்கோல், அளவுகோல், பழைய பேனாக்கள். கை அடியில் போய் நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தது. அதை எங்கே வைத்தோம் என்பது அவருக்கு மறக்கவே இல்லை என்று அந்தக் கையைப் பார்த்தாலே தெரிந்தது. டீச்சரிடம் நீட்டினார்.

பொடிப்பொடியாக அச்சடித்த காகிதம். எனக்கே கண்ணாடி தேவைப்பட்டிருக்கும். டீச்சர் படித்தார். எல்லாப் படங்களும் நூறு சதவீதத்தில் வைத்தால் மாத்திரையின் அளவிலேயே அச்சாகும். தயவுசெய்து பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். ஏதாவது சந்தேகம் இருந்தால் எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்னு சொன்னேன் அவன்கிட்ட. அவன் எதிர்லயே நின்னான். காகிதத்தைப் பார்த்து தலையாட்டினேன்."

"படிச்சீங்களா?"

"படிக்கல. தெரியல எனக்கு. எழுத்து ஊர்ற மாதிரி இருக்கு." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் படிச்சுக்கலாம்னு வச்சேன். உன்னைப் படிக்கச் சொன்னா நீ தெரிஞ்சுப்ப."

"எனக்குத் தெரியும்."

"எப்போலேருந்து?"

"ஸ்கிரிப்ட் எதுக்கு எழுதினேன்னு நினைச்சீங்க?"

நேரம் மிச்சமாகும் என்றுதானே சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை. பெரியக்கா முட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். அவருக்கும் தெரியும் என்பது அதில் வெளியே வந்தது.  இத்தனை நாளும் ஒரு மனிதரைச் சுற்றி மூன்று பேர் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறோம். அவர் காகிதத்தை ஒளித்தார், நாங்கள் அவரிடமிருந்தே அவரை ஒளித்தோம். எந்த வார்டிலோ யாருக்கோ தப்பான மாத்திரை போயிருக்கும்.

அப்போது நான் ஒரு அல்பமான யோசனை சொன்னேன். மணி ஒன்றுகூட ஆகவில்லை. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியை மாற்றினால் போதும், நாலு மணிக்குள் சரியான கோப்பை அனுப்பிவிடலாம், தலைமை நர்சுக்குத் தெரியவேண்டியதே இல்லை என்றேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரும் அதையேதான் நினைத்திருக்கிறார் என்று பட்டது. இருவரும் நூல்பிடியைப் பார்த்தோம்.

"கையெழுத்துப் போட்ட பக்கம்" என்றார் அவர். "ஒரு புள்ளி மாத்தினாலும் சொல்லணும். இத்தனை வருஷமும் சொல்லியிருக்கேன்."

"சொன்னா ஏன் மாத்துறீங்கன்னு கேப்பாங்க" என்றார் டீச்சர்.

"கேக்கட்டும்."

"வேலை போயிடும்ங்க. இது மட்டுமில்ல, எல்லாமே."

"போனா போகுது" என்றார். போனை எடுத்தார். எண்களை டீச்சர்தான் அழுத்திக் கொடுத்தார்.

அவர் நின்றுகொண்டே பேசினார். முதலில் பக்கம், படம், சதவீதம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். மறுமுனையில் அந்த அம்மா என்ன கேட்டாரோ, இவர் சட்டென்று நின்றார்.

"எனக்குக் கண் தெரியலம்மா. போட்டோக்காரர் எழுதிக் குடுத்ததை நான் படிக்கல. படிச்சதா நடிச்சேன். தப்பு என்னுது, மெஷினுது இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "என் மனைவிதான் படத்தையெல்லாம் செக் பண்றா. மாசக்கணக்கா."

அதற்குப்பிறகு சரிம்மா, சரிம்மா என்பது மட்டும்தான். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் முழுதாக உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"திட்டினாங்க."

"அப்புறம்?"

"ஸ்கிரீன்லயே பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டேனேன்னு தன்னையும் திட்டிக்கிட்டாங்க. கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அச்சகத்துல அவங்களே பேசிடறாங்களாம். திங்கட்கிழமை நேர்ல வரணுமாம்." குரல் ஒரு மாதிரி ஆனது. "ஃபைலையும் கொண்டாங்க, கண்ணையும் கொண்டாங்க, கண் டாக்டர் ரெண்டாவது மாடியிலதான் இருக்காருன்னாங்க."

"வேலை?"

"அதைப்பத்திப் பேசல. நானும் கேக்கல."

பெரியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதைத்தானே நான் சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன் என்றார். ஒருநாளும் அவர் சொன்னதில்லை. நாங்களும் சொல்லிக்காட்டவில்லை.

திங்கட்கிழமை வரைக்கும் அவகாசம் இருந்தும் யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. டீச்சர் நிறைக்கிற வரிகளை எடுத்துவிட்டு, எல்லாப் படத்தையும் நூறு சதவீதத்தில் வை, நடுவில் வை, கட்டத்தைவிடப் பெரிசாக இருந்தால் எனக்குச் சொல் என்று எழுதினார். அதற்குமுன், நூறு சதவீதத்தில் இல்லாத படங்களைச் சொல் என்று ஒரு சோதனையும் எழுதி, பழைய கோப்பை ஒருதடவை பார்க்கச் சொன்னார். காலையில் பூஜ்யம் காட்டிய அதே கோப்பு, இப்போது முன்னூற்றுப் பன்னிரண்டு கோளாறு காட்டியது. டீச்சர் எண்ணைச் சத்தமாகப் படித்தபோது, அப்பாடா என்றார் நூல்பிடி.

மாற்றி வைத்தபின் கட்டத்தில் அடங்காதவை இரண்டே இரண்டு நீள மாத்திரைகள்தான். அந்தக் கட்டங்களை அகலமாக்கினார். நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுவந்து பெரியக்கா முன்னால் வைத்தார். பெரியக்கா மாத்திரையை வைத்தார். மாத்திரையைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம் இன்னும் தெரிந்தது.

"இப்பவும் பெருசாத்தான் இருக்கு."

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. திரையில் நூறு சதவீதம் என்றுதான் இருந்தது. மறுபடி பார்த்தார், கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார், உதட்டுத் தோலைப் பிய்த்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நூல்பிடி அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். பார்க்கவில்லை. நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டினார்.

"எழுத்து எங்க ஆரம்பிக்குது? ஓரத்துல வெள்ளை எவ்வளவு இருக்கு?"

"ஒரு விரல்கூட இல்ல."

"சின்னப் புத்தகம், பெரிய தாள். பாதித் தாள் வெள்ளையா இருக்கணுமே. எப்பவும் தாளுக்கு ரெண்டு பக்கமா அடிப்போம், இப்போ ஒத்தைப் பக்கம் அடிச்சிருக்க. பிரிண்டர்ல பக்கத்தைத் தாள் முழுக்கப் பெருசாக்குன்னு டிக் இருக்கும், எடு."

டிக் இருந்தது. டீச்சர் எடுத்தார். எடுத்துவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வெளியே அப்போதுதான் மழை பிடித்தது.

இரண்டாவது தாள் வந்தது. பெரிய வெள்ளைத் தாளின் நடுவில் சின்னப் பக்கம். நான்கு மாத்திரையும் நான்கு அளவு. ஒன்று பொட்டு மாதிரி, ஒன்று கட்டத்தை முட்டிக்கொண்டு. நூல்பிடியின் கண் நன்றாக இருந்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பார்த்து அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார். பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பல்லுப்போன வாய் மாதிரி இருக்கிறது என்றேன். நல்லது என்றார்.

பெரியக்கா தன் மாத்திரையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்தின்மேல் வைத்தார்.

"மறைஞ்சுதா?" என்றார் நூல்பிடி.

"இருடா. அவசரப்படுத்தாத." விரல் நுனியால் கொஞ்சம் தள்ளினார். "மறைஞ்சிடுச்சு."

"முழுசா?"

"முழுசா. படமே தெரியல."

"அடுத்த கட்டத்துல வை."

வைத்தார். சுற்றி வளையம் தெரிந்தது. இது அந்தப் பெரிசு, இது என்னுது இல்லை என்றார். நூல்பிடி மேசைமேல் கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்து, விரலை மாத்திரைமேல் கொண்டுபோய் வைத்தார். எதிரில் நாங்கள் இருந்தோம், கணினி இருந்தது. யாரிடமிருந்தும் எதையும் ஒளிக்காமல் அவர் கையை டீச்சர் பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"திங்கட்கிழமை நீயும் வா" என்றார் அவர் டீச்சரிடம். "ரெண்டாவது மாடியில எந்த ரூம்னு எழுதிப் போட்டிருப்பாங்க. எனக்குப் படிச்சுச் சொல்லணும்."